பார்வைகள் கூடினால் முதலில் சந்தேகப்படுங்கள்

நிறுவன இணையதளத்தின் மாத அறிக்கை உங்கள் பொறுப்பா? "இந்த மாதம் பார்வைகள் இரட்டிப்பு" என்று மேலாளரிடம் சொல்லும் முன் அந்த எண்ணைச் சோதித்துவிடுங்கள். ஏறும்போது யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இறங்கும்போது உங்களைத்தான் கேட்பார்கள்.

எண்ணுவது எதை?
கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் ஒருவரே ஒரு பக்கத்தை ஐந்து முறை திறந்தால் பார்வை ஐந்து, பயனர் ஒருவர். 30 நிமிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால் அவருடைய செஷன் முடிந்துவிடும். பிறகு வந்தால் புதிய செஷன். அறிக்கையில் இந்த மூன்றையும் கலக்காதீர்கள்.

இரட்டைப் பதிவு
தளத்தில் நேரடியாக ஒரு அனலிட்டிக்ஸ் டேக், டேக் மேனேஜர் வழியாக அதே டேக் இன்னொரு முறை. இப்படி இருந்தால் ஒவ்வொரு பார்வையும் இரண்டாகப் பதிவாகும். இதைக் காட்டிக்கொடுப்பது பவுன்ஸ் ரேட். செஷன் 10 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ, இரண்டு பார்வைகள் பதிவானாலோ அது பவுன்ஸ் ஆகாது. எல்லாமே இரண்டாகப் பதிவானால் பவுன்ஸ் ரேட் பூஜ்யத்தை ஒட்டி விழும். பார்வை திடீரென ஏறி, பவுன்ஸ் ரேட்டும் சரிந்திருந்தால், டேக் அசிஸ்டென்ட்டில் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

நம் ஆட்களின் வருகை
அலுவலக ஐபி முகவரியை உள் வருகை என்று குறித்தால் மட்டும் போதாது. அதற்கான வடிகட்டி முதலில் சோதனை நிலையிலேயே இருக்கும். நீங்கள்தான் செயல்படுத்த வேண்டும். பழைய தரவை அது திருத்தாது என்பதால் இன்றே செய்யுங்கள்.

வந்த வழி
வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு வழியே வருபவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். பகிரும் இணைப்புகளில் யுடிஎம் குறிகளைச் சேருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து மாறினால் இரண்டு தனி வரிகளாகப் பிரியும். குழு முழுவதும் சிறிய எழுத்தையே பயன்படுத்தட்டும்.

விடுபடுவோர்
விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் பலர் கணக்கில் வருவதே இல்லை. அதனால் சர்ச் கன்சோலின் கிளிக் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தாது, ஆனால் தேடல் வழி வருகை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அனலிட்டிக்ஸில் விரிவான ஆய்வுக்கான தரவு, அமைப்பை மாற்றாவிட்டால் 2 மாதம்தான் இருக்கும். அதை 14 மாதமாக்குங்கள். சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட அதுவே கைகொடுக்கும்.

அறிக்கையில் எண்ணோடு நிறுத்தாமல், எந்தப் பக்கத்தால் ஏறியது, அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்றும் இரண்டு வரி எழுதுங்கள். மேலாளர் முடிவெடுக்க உதவுவது அந்த இரண்டு வரிதான்.