மாரியோ கார்ட் என்னும் வண்டிப் போர்

தொலைக்காட்சித் திரையில் ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களுட் பல, ஒருவன் தனித்திருந்து ஆடுதற்கென வகுக்கப்பட்டவை. நண்பர் பலர் ஓரறையிற் கூடி ஆடுதற்கு ஏற்றவற்றுள் மாரியோ கார்ட் தலைசிறந்ததென்பது நமது துணிபு. திறமை ஒவ்வாதார் ஒருங்கிருந்து ஆடுங்கால், வல்லவன் சலிப்புறாமலும் மெலியவன் மனமுடைந்து எழுந்து போகாமலும் இருத்தற்கு இதனை இயற்றினோர் கண்ட வழிகளை ஈண்டு ஆராய்வாம்.

ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டிற் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலகமாகத் தோன்றிய நிண்டெண்டோ நிறுவனம், 1990-இல் எப்-ஜீரோ என்னும் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதனை ஒருவரே ஆடலாகும். இருவர் ஆடத்தக்கது ஒன்று வேண்டுமென்னும் எண்ணத்தினின்றே சூப்பர் மாரியோ கார்ட் பிறந்து, 1992 ஆகஸ்டு 27-இல் வெளிவந்தது. தயாரித்தவர் ஷிகெரு மியாமோட்டோ. இருவர் காட்சியையும் ஒரே திரையிற் காட்டவேண்டியிருந்தமையால், நெடிய நேர்ப்பாதைகளை விடுத்து வளைவு மலிந்த சிறு பாதைகளை அமைத்தனர். வண்டியில் முதற்கண் இருந்தவன் பெயரற்ற யாரோ ஒருவன். மீசைக்கார மாரியோ பின்னரே வந்தமர்ந்தான்!

பந்தயமேயன்றிப் போர்முறையும் இதன்கண் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று பலூன்கள். பச்சை ஆமையோடு நேரே சென்று சுவரில் மோதித் திரும்பும். சிவப்பு ஓடு பகைவனைத் தேடிச் செல்லும். வாழைப்பழத்தோல் மிதித்தவனைச் சுழற்றும். அடிபடுந்தோறும் ஒரு பலூன் போகும். கடைசியிற் பலூனோடு நிற்பவனே வென்றவன். குருதியுமில்லை, சாவுமில்லை, எல்லாம் சித்திரக் கூத்தே.

1996-இல் வந்த மாரியோ கார்ட் 64 நால்வர்க்கு இடந்தந்தது. திரை நான்காய்ப் பிரிந்தது. பிறர் கூற்றை எட்டிப் பார்த்தல் தகாதென்பார் சிலர். நாமோ அதனை ஆட்டத்தின் ஓர் உறுப்பென்றே கொள்வோம். பிளாக் போர்ட் என்னும் களத்தில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனக் கோட்டைகள் நான்கு; மேல்நிலையிற் பாலங்கள் அவற்றை இணைக்கும். நண்பனது திரையில் நீலச்சுவர் தெரிந்தால் அவன் நீலக்கோட்டையில் இருக்கின்றான். அவனும் இதனை அறிவான். ஆதலின் நாம் பாலத்திற் காத்திருக்க, அவன் சரிவின் வழியே கீழிறங்கி நழுவுவான். மறைந்திருத்தல் இயலாத இடத்தில் மறைய முயலும் இவ்வேடிக்கையில் எழும் சிரிப்பொலி தனியே ஆடுவார்க்குக் கிட்டுவதன்று.

இனி, மெலியார்க்கு அளிக்கப்படும் துணையை நோக்குவோம். பந்தயத்தில் முன் செல்வோனுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வாழைத்தோலும் பச்சை ஓடுமே. பின்தங்கினோர்க்கோ, எவராலும் வீழ்த்தவொண்ணாமற் காக்கும் நட்சத்திரமும், மற்றையோரைச் சிறியராக்கி வேகங்குறைக்கும் மின்னலும் எளிதிற் கிட்டும். பயிற்சிக்கு மதிப்பில்லையோவென வல்லவர் முறையிடுவர். முன்செல்வோனுக்கு வழி தடையின்றி இருத்தலே பேருதவியாதலின், இப்பகிர்வு நியாயமே என்போம்.

ஆயின், 1996-இற் புகுந்த நீல ஓட்டைப்பற்றி அவ்வாறு சொல்ல நமக்கு மனமில்லை. முதல்வனையே நாடிச்சென்று வீழ்த்துவது அது. ஏழாமவன் எறிந்தால் அவன் ஏழாமவனாகவே நிற்க, பயன் கொள்பவன் இரண்டாமவன். நட்சத்திரம் பின்னவனை உயர்த்துகின்றது. இஃது எவனையும் உயர்த்தாமல் ஒருவனை இறக்குகின்றது. முன்னது இரக்கமென்றால் பின்னது பொறாமையன்றோ?

இவற்றினும் நுட்பமானது அவ்வாட்டத்துப் போர்முறையில் உள்ளதொரு விதி. மூவரோ நால்வரோ ஆடுங்கால், முன்னரே பலூன் அனைத்தும் இழந்தவன் ஆட்டத்தினின்றும் நீக்கப்படுவதில்லை. வெடிகுண்டு வடிவாய் மாறிக் களத்தில் உலவி, எஞ்சினோருள் ஒருவனை ஒருமுறை மோதலாம். அவன் வெல்லுதல் இனி இயலாது. ஆயினும் எவன் வெல்லலாகாதென்பதை அவன் தீர்மானித்தல் கூடும். தன்னை வீழ்த்தியவனைப் பழிவாங்குவானோ, முன்னணியில் நிற்பவனை மோதுவானோ, உற்ற நண்பனுக்குத் துணையாவானோ என்னும் ஐயத்தால் எஞ்சியோர் அவனை அஞ்சி நயந்து பேசுவர். சற்றுமுன் எள்ளி நகைத்தவனே, “அண்ணே, என்னை விட்டுவிடு” என இரப்பதை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம்.

2014-இல் வந்த மாரியோ கார்ட் 8-இல் தனிப் போர்க்களங்களே இல்லை. பந்தயப் பாதைகளிலேயே போரும் நிகழ்ந்தது. பெரிய பாதையிற் பகைவனைத் தேடி அலைவதிலேயே பொழுது கழிந்தது. 2017-இல் வெளியான டீலக்ஸ் பதிப்பு எட்டுக் களங்களைத் தந்து அக்குறையை நீக்கிற்று. அதன் பலூன் போரில், பலூன் அனைத்தும் இழந்தவன் தன் புள்ளிகளிற் பாதியைக் கொடுத்து மீண்டும் களம் புகுகின்றான். வெற்றிக்கு வழி அடைபடாமையால் இது முன்னையதினும் செம்மையானதென்பர். ஆயினும், குண்டாய் மாறியவன் யாரை நோக்கித் திரும்புவானோவென நால்வரும் மூச்சடக்கியிருந்த அந்த நொடி இப்புதிய விதியில் இல்லை.