மூதூர்ப் பகுதியில் நெற்செய்கையும் ஊர்வாழ்வும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே அமைந்துள்ளது மூதூர். மகாவலி கங்கை கடலை அணுகுமிடத்தே கிளைத்து, ஒரு கிளை இக்குடாவிலும், மற்றொன்று வெருகலாறாகத் தெற்கேயும் கலக்கின்றது. கங்கை கொணர்ந்த வண்டல் நிலமே கிளிவெட்டி, தோப்பூர், பள்ளிக்குடியிருப்பு முதலிய ஊர்களின் வயலாகும்.

இங்கே நெல் என்பது உணவு மட்டுமன்று. பெரும்போக அறுவடை முடிந்த பின்னரே கடைக்காரரின் கொப்பியிலுள்ள கடன் தீரும்; ஆலைகள் ஓடும்; திருமணங்கள் நிச்சயமாகும். தமிழர் புதிரெடுத்துக் கோயிலிற் படைத்தபின் புத்தரிசியை உண்பர். முஸ்லிம்கள், உரிய அளவை எட்டிய விளைவில், மழைநீரால் விளைந்ததாயின் பத்திலொரு பங்கும், செலவு செய்து நீரிறைத்து விளைவித்ததாயின் இருபதிலொரு பங்கும் சக்காத்தாகக் கொடுப்பர். நீருக்குப் பட்ட பாட்டைக் கணக்கிலெடுக்கும் அவ்விதி கமக்காரருக்கு நன்கு விளங்கும்.

நீர் நின்றால் யாவும் நிற்கும். 2006 ஆம் ஆண்டு யூலையில், சிறுபோகப் பயிர் நிலத்தில் நின்ற வேளையில், மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நீர் அற்றது. அடுத்த மாதமே மூதூரிற் போர் மூண்டு மக்கள் இடம்பெயர்ந்தனர்.

அத்தகைய பெருந்துன்பம் இல்லாத காலத்திலும் வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டாமற் போவதுண்டு. மேல்வயற்காரர் பேராசையே காரணமென்று பலர் கூறுவர். அது பாதி உண்மையே. ஒரே வட்டையில் சிலர் முந்தியும் சிலர் ஐந்து வாரம் பிந்தியும் விதைப்பதே பெரிய காரணமாகும். அப்பொழுது நீரை ஐந்து வாரம் கூடுதலாகத் திறந்துவிட நேரிடும்; அறக்கொட்டியும் முதிர்ந்த பயிரிலிருந்து இளம் பயிருக்குத் தாவும். அறுத்த வயலில் மேய வேண்டிய எருமைகள் பக்கத்துப் பச்சைவயலில் இறங்கும். தயிர் விற்று வாழ்வோருக்கும் கமக்காரருக்கும் மூளும் வழக்குகள் பல இவ்வாறே தொடங்குகின்றன.

ஆகையால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுதல் வேண்டும். விதைப்பு முடியும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள், நீர் நிறுத்தும் நாள் ஆகியன அங்கேயே முடிவாகின்றன. கூட்டத்திற்கு வராதவர் பின்னர் வாய்க்கால் வரம்பில் நின்று சண்டையிடுவதாற் பயனில்லை.

உழவு இயந்திரம் கிடையாமலோ மழையாலோ பிந்தியவர் மனந்தளர வேண்டியதில்லை. அயலவர் மூன்றரை மாத நெல்லை விதைத்திருக்க, இரு வாரம் பிந்தியவர் மூன்று மாத இனத்தை விதைப்பாராயின், இரு வயல்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் அறுவடைக்கு வரும். விளைச்சல் சிறிது குறையலாம். ஆயினும் கடைசி நீர் தப்பாது.

இனி, விலை. களத்திலேயே ஈரநெல்லைக் கடனுக்கு அளந்து கொடுப்பவர், விலை மிகத் தாழ்ந்த நாளில் விற்றவராவார். ஈரப்பதன் நூற்றுக்குப் பதினான்காகும் வரை உலர்த்திய நெல்லே பழுதின்றிச் சேமிப்பிற் கிடக்கும். ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கையில் உலர்த்தி வைப்பது எங்ஙனம்? இங்கேதான் மரக்கறித் தோட்டம் உதவும். மேட்டு நிலத்திற் கால் ஏக்கரில் நட்ட பயற்றை ஏறக்குறைய ஐம்பது நாளிற் காய்க்கத் தொடங்கும். கத்தரியும் வெண்டியும் உடன் நிற்கலாம். முன்னர் இவற்றைத் திருகோணமலைச் சந்தைக்கு இயந்திரப் படகில் ஏற்றினர். 2009 இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின், விடியலிற் பறித்த காய் அன்று காலையே தரைவழியாகச் சந்தையை அடைகின்றது. அக்காசு பசளைக் கடனிற் பாதியைத் தீர்த்தாலும், மீதி நெல் நன்கு காயும்வரை களஞ்சியத்திற் பொறுத்திருக்கும்.