படைத்தலும் யாத்தலும்

கவிதை எழுத முற்படும் மாணவர் பலரைத் தடுத்து நிறுத்துவது சொற்பஞ்சம் அன்று. 'நாம் எழுதுவது முன்னரே எழுதப்பட்டுவிட்டதோ' என்னும் அச்சமே. இவ்வச்சத்தால் எழுதாமலே விட்டவரும் உளர். ஆகவே, முற்றிலும் புதியது என ஒன்று கலையில் உண்டா என ஈண்டு ஆராய்வோம்.

நம் இலக்கணம் இவ்வச்சத்தை வளர்க்கவில்லை. தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலுக்கு நால்வகை நெறியும் கூறுகின்றது. வழிநூலாசிரியன் முன்னோர் முடிபை ஏற்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் அமைப்பான் என்பது நன்னூலார் கருத்து. வழிநூல் இழிவாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைச் சான்றாகக் கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய இக்காப்பியம் 3 காண்டங்களும் 5027 விருத்தங்களும் உடையது. கம்பரைப் போன்றே நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடிய புலவர், அரபு நாட்டிலும் மருத வளத்தைப் பாய விட்டார். எனவே இது கம்பரின் நிழலே என்பாரும் உளர். கம்பரும் வான்மீகியின் கதையையே எடுத்துக்கொண்டார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இரு மான்களை ஒப்பிடுவோம். கம்பர் காட்டும் மாயமான் பொய்யுருக் கொண்டு பிரிவுக்கு வித்திடுகின்றது. சீறாவில், வேடனிடம் சிக்கிய மான், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்க, கன்றுக்குப் பாலூட்டச் சென்று, சொன்ன சொல் தவறாது மீள்கின்றது. இந்நிகழ்ச்சி புலவரின் கற்பனையன்று. நபி வரலாற்று மரபில் வழங்கியதே. விருத்த யாப்பும் அவர் கண்டதன்று. எனினும், வஞ்சித்த மானை அறிந்த தமிழ்ச் செவியில் வாய்மை காத்த மான் புகும்போது புதுப்பொருள் பிறக்கின்றது. இரு மரபுகளின் சந்திப்பே இப்புதுமை.

அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று 'அல்பதீஉ'. முன்மாதிரியின்றிப் படைப்பவன் என்பது பொருள். அத்தகைய படைப்பு அவனுக்கே உரியது. தமிழரோ செய்யுள் இயற்றுதலை 'யாத்தல்', அதாவது கட்டுதல், என்றனர். கட்டுபவனுக்கு முன்பே பொருள்கள் இருந்தாக வேண்டும். எதனை எதனோடு இணைத்தான் என்பதிலேயே அவன் தனித்தன்மை விளங்கும். பிறர் கட்டியதை அவ்வாறே எடுத்துத் தன் பெயரிடுதல் களவாகும். அதனையும் இதனையும் ஒன்றாகக் கருதுதல் தகாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, முன்னோரை நிரம்பக் கற்பீர், அஞ்சாது எழுதுவீர். உங்கள் வீட்டு வழக்கும், ஊரின் பேச்சும், நெஞ்சின் நம்பிக்கையும் கற்றவற்றோடு சேரும் முடிச்சு, இதுவரை எவரும் இடாததாக இருக்கக்கூடும்.