மாநில எல்லை தாண்டும் ஆசிரியர் உரிமம்: அமெரிக்காவில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாடு முழுமைக்கும் செல்லுபடியாகும் ஆசிரியர் உரிமம் என்று ஒன்று இல்லை. கூட்டரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம் சொல்வதால், கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பாக அமைந்தது. பொதுப்பள்ளியில் யார் பாடம் நடத்தலாம், அவர் எந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொண்டது. ஓஹாயோவில் பத்தாண்டு காலம் கணிதம் நடத்தியவர் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் அங்கே ஒரு புதிய விண்ணப்பதாரர். அவருடைய பழைய உரிமம் அங்கே ஒரு சான்றாவணமாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது; அந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதைப் புதிய மாநிலம் முடிவு செய்கிறது.

இந்த மதிப்பீட்டைச் சந்திக்க ஆசிரியருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றுள் எது விரைவானது என்று கேட்பதைவிட, கையில் இருக்கும் உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது, முழுநேர அனுபவம் எத்தனை ஆண்டு, புதிய மாநிலத்தில் எவ்வளவு காலம் தங்கும் எண்ணம் என்ற மூன்றையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. விரைவாகக் கிடைக்கும் தற்காலிக உரிமத்தை வாங்கிக்கொண்டு பணியில் சேர்ந்துவிட்டு, ஓராண்டுக்குள் தேர்வெழுதி முடிக்க முடியாமல் வகுப்பறையை இழக்கும் நிலையைத் தவிர்க்க முடியும். அதற்கு இந்த மூன்று கேள்விகளின் விடையே போதுமான வழிகாட்டி.

பெரும்பாலான ஆசிரியர்கள் நடக்கும் பாதை, பரஸ்பர அங்கீகாரம் எனப்படும் பழைய ஏற்பாடு. மாநிலங்களின் ஆசிரியர் கல்வி, சான்றளிப்பு இயக்குநர்கள் 1928இல் அமைத்த தேசியச் சங்கம், நாஸ்ட்டெக் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. அது பராமரிக்கும் மாநிலங்களிடை ஒப்பந்தத்தில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் கையெழுத்திட்டுள்ளன. எனினும் அதை ஒரே ஒப்பந்தம் என்று கருதிவிடக் கூடாது. எந்தெந்த மாநிலங்களின் எந்தெந்த வகை உரிமங்களை ஏற்பது என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே அறிவித்த இசைவுகளின் தொகுப்பே அது. ஆகவே முதல் மாநிலத்தின் உரிமத்தை இரண்டாவது மாநிலம் ஏற்றால், இரண்டாவதன் உரிமத்தை முதலாவதும் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலும், ஏற்றுக்கொண்ட பிறகும் தன் மாநிலத்துக்கே உரிய கூடுதல் நிபந்தனைகளை விதிக்கும் உரிமையை ஒவ்வொரு மாநிலமும் தக்கவைத்துக்கொண்டுள்ளது. விண்ணப்பதாரர்களின் காலமும் பணமும் மிகுதியாகக் கரைவது இந்த நிபந்தனைகளில்தான் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சில நிபந்தனைகள் அந்தந்த மண்ணின் வரலாற்றிலிருந்து பிறந்தவை. அவற்றைத் தொல்லை என்று ஒதுக்குவது நியாயமாகாது. மான்டானாவின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அங்குள்ள பூர்வகுடிகளின் பண்பாட்டு மரபைக் கல்வியின் வழியே பேணுவதை மாநிலத்தின் கடமையாக அறிவித்ததால், அங்கே முதன்முறை உரிமம் பெறும் ஆசிரியர் பூர்வகுடிகள் பற்றிய ஓர் அறிமுகப் பாடத்தை முடித்தாக வேண்டும். அலாஸ்கா தன் மாநிலத்தைப் பற்றிய பாடத்தையும் பல்பண்பாட்டுக் கல்வி குறித்த பாடத்தையும் கேட்கிறது. அரிசோனா, கூட்டரசின் அரசியலமைப்போடு தன் அரசியலமைப்பையும் ஆசிரியர் கற்றிருக்க வேண்டும் என்கிறது. அதோடு மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை வழங்கும் கைரேகை அனுமதி அட்டையும் தேவை. நியூயார்க்கில், மாணவர்களைக் கேலியிலிருந்தும் பாகுபாட்டிலிருந்தும் காக்கும் சட்டத்தையொட்டிய ஆறு மணி நேரப் பயிலரங்கிலும், குழந்தை வன்கொடுமையை இனங்காணும் பயிற்சியிலும், பள்ளி வன்முறைத் தடுப்புப் பயிற்சியிலும் கலந்துகொண்ட சான்று வேண்டும். வர்ஜீனியா முதலுதவி, இதய உயிர்ப்பூட்டல் பயிற்சியையும், எழுத்துகளைப் படிப்பதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா என்ற நிலை பற்றிய விழிப்புணர்வுப் பாடத்தையும் கேட்கிறது. இவற்றில் பல, இணையவழியில் சில மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியவை. புறப்படுவதற்கு முன்பே முடித்துவைப்பவர் விண்ணப்பம் நிலுவையில் கிடப்பதைத் தவிர்க்கிறார்.

தேர்வுகளின் நிலை வேறு. எட்டிஎஸ் நிறுவனம் நடத்தும் ப்ராக்சிஸ் தேர்வைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன என்றாலும், தேர்ச்சி மதிப்பெண்ணை அந்தந்த மாநிலமே நிர்ணயிக்கிறது. ஓரிடத்தில் தேறியவர் அதே மதிப்பெண்ணோடு அடுத்த மாநிலத்தில் தேறாதவராகக் கருதப்படலாம். டெக்சாஸ், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் தமக்கெனத் தனித் தேர்வுகளை வைத்துள்ளன. வெளிமாநில உரிமம் உடையவருக்கு டெக்சாஸ் ஓராண்டுச் சான்றிதழ் ஒன்றை அளித்து, அந்த ஓராண்டுக்குள் தேர்வை முடிக்கவோ, முன்பு எழுதிய ஒப்பான தேர்வைக் காட்டி விலக்குப் பெறவோ வாய்ப்பளிக்கிறது. மாசசூசெட்ஸில் மூன்றாண்டு அனுபவமும் செல்லுபடியாகும் உரிமமும் இருந்து, அந்த மாநிலத் தேர்வை எழுதாதவருக்கு ஓராண்டுத் தற்காலிக உரிமம் உண்டு. ஆகவே விலக்குக் கேட்கும் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவது முறை. ஓராண்டு என்பது கல்வியாண்டின் ஓட்டத்தில் மிகக் குறுகிய காலம். ப்ராக்சிஸ் மதிப்பெண் அறிக்கைகளைப் பத்தாண்டுகள் வரையே பெற முடியும் என்பதால், நெடுங்காலம் பணியாற்றியவர்கள் தம் பழைய அறிக்கையின் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அனுபவத்தின் அளவு இந்தப் பாதையின் கடினத்தைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மூன்றாண்டு நிறைவான பணி செய்தவருக்கு நியூயார்க் தனி வழி ஒன்றைத் திறந்துவைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் இரண்டாண்டு முழுநேர அனுபவமும் நல்ல பணிமதிப்பீடுகளும் சில நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளிக்கின்றன. இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது: முதல் ஆண்டு ஆசிரியராக இருப்பவர், குடும்பச் சூழல் இடங்கொடுக்குமானால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளை முடித்துவிட்டு இடம்பெயர்வதே உரிமத்தைப் பொறுத்தவரை ஆதாயமானது.

அந்த அனுபவத்தை மெய்ப்பிக்கும் ஆவணத்தின் மீது தனிக் கவனம் தேவை. அது பெரும்பாலும் ஒரே பக்கப் படிவம்: பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, நடத்திய பாடம், வகுப்பு நிலை, பணி நிறைவாக இருந்ததா என்ற கேள்வி, கீழே பள்ளி மாவட்டத்தின் பணியாளர் அலுவலரது கையொப்பம். பள்ளி மாவட்டம் என்பது ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பு. இதைப் பல மாநிலங்கள் விண்ணப்பதாரரின் கையிலிருந்து ஏற்பதில்லை, அலுவலகத்திலிருந்து நேராகவே வர வேண்டும் என்கின்றன. கோடை விடுமுறையில் அலுவலர்கள் இல்லாதபோதோ, ஆசிரியர் ஏற்கனவே வேறு ஊரில் குடியேறிய பிறகோ இந்தக் கையொப்பத்துக்கு அலைவதைவிட, விலகல் கடிதம் கொடுக்கும் அன்றே படிவத்தையும் கொடுப்பது எளிது. கல்லூரி அனுப்பும் மதிப்பெண் பட்டியலுக்கும் இதே முன்யோசனை பொருந்தும். கைரேகை மட்டும் முன்கூட்டி முடித்துவைக்கக் கூடியதன்று. ஒரு மாநிலத்தின் உரிம அலுவலகம் கேட்டதன் பேரில் வரும் குற்றப் பின்னணி அறிக்கை அந்த அலுவலகத்தின் பயனுக்கு மட்டுமே உரியது என்பதால், பழைய மாநிலத்தில் பதித்த கைரேகை புதிய மாநிலத்தில் உதவாது.

இரண்டாவது வழி அண்மையில் பிறந்தது. ஆசிரியர் இடப்பெயர்வுக்கான மாநிலங்களிடை உடன்படிக்கை, மாநில அரசுகளின் மன்றமும் பாதுகாப்புத் துறையும் நாஸ்ட்டெக்கும் சேர்ந்து உருவாக்கிய வரைவு. அதைப் பத்து மாநிலங்கள் சட்டமாக்கியதும் 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. கொலராடோ, யூட்டா, கென்டக்கி, கான்சஸ், ஓரிகன், நெவாடா, ஃபுளோரிடா போன்றவை முதலில் சேர்ந்தவை. தமிழர்கள் அதிகம் வாழும் கலிபோர்னியாவும் டெக்சாஸும் அந்த முதல் வரிசையில் இல்லை. இளங்கலைப் பட்டமும், மாநிலம் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் பயிற்சியும் முடித்து, எந்த ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்படாத முழு உரிமம் பெற்றவருக்கு, உறுப்பு மாநிலம் கூடுதல் தேர்வோ பாடமோ கேட்காமல் தன் உரிமங்களுள் மிக நெருக்கமான ஒன்றை வழங்க வேண்டும் என்பது இதன் சாரம். செவிலியர்களுக்கான உடன்படிக்கையில் ஒரே உரிமத்தைக் கொண்டு பல மாநிலங்களில் பணியாற்றலாம். ஆசிரியர் உடன்படிக்கை அத்தகையதன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் தனி உரிமம் வாங்கியே ஆக வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. மாநிலத்துக்குரிய நிபந்தனைகளும் முற்றாக மறைந்துவிடுவதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அவற்றைக் கேட்க மாநிலத்துக்கு உரிமை இருக்கிறது. இருப்பினும் இரு மாநிலங்களும் உறுப்பினராக இருந்து, முழு உரிமமும் கையில் இருந்தால், பழைய பாதையைவிட இதுவே மேலானது. தற்காலிக, நெருக்கடிகால உரிமங்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

படைவீரர்களின் வாழ்க்கைத் துணைவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் அவர்களுக்கு அது பேருதவி. படைப்பணியாளர் குடிமை நிவாரணச் சட்டத்தில் 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, படை ஆணையின் காரணமாக இடம்பெயர்ந்தவரின் அல்லது அவருடைய துணைவரின் தொழில் உரிமம் அந்த ஆணை நீடிக்கும் காலம் வரை புதிய மாநிலத்திலும் செல்லும். டெக்சாஸில் பள்ளி ஆலோசகர் ஒருவர் தொடுத்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் அதே ஆண்டு இந்தத் திருத்தத்தை உறுதியாக நிலைநாட்டியது. ஆணைக்காலம் முடிந்த பின்னும் அதே ஊரில் தங்க நினைப்பவர், இந்தப் பாதுகாப்பு இருக்கும்போதே மாநில உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

தேசிய வாரியச் சான்று நான்காவது வழி. 1987இல் தொடங்கிய தொழில்முறைக் கற்பித்தல் தரங்களுக்கான தேசிய வாரியம், மூன்றாண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாட அறிவையும் வகுப்பறைப் பணியையும் நான்கு கூறுகளில் மதிப்பிட்டு, ஐந்தாண்டுச் சான்று அளிக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் 475 டாலர் கட்டணம். இது உரிமத்துக்கு மாற்றாகாது. ஆனால் கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்கள் இச்சான்று உடையவருக்கு முழு உரிமம் வழங்கிவிடுகின்றன, சில மாநிலங்கள் கூடுதல் ஊதியமும் தருகின்றன. அடுத்த மாதமே ஊர் மாற வேண்டியவருக்கு இதனால் பயனில்லை. ஐந்து, பத்து ஆண்டுகளில் இரண்டு மூன்று இடமாற்றங்களை எதிர்பார்ப்பவர், நல்ல வகுப்பும் ஒத்துழைக்கும் தலைமையாசிரியரும் அமைந்திருக்கும் காலத்தில் இதை முடித்துவைப்பது மிகச் சிறந்த முதலீடு.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஆசிரியப் பயிற்சி பெற்று, ஒரு மாநிலத்தில் உரிமம் வாங்கி, வாழ்க்கைத் துணையின் வேலை மாற்றத்தால் மற்றொரு மாநிலத்துக்குச் செல்பவர்களுக்குக் கூடுதல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அவர்களுடைய பி.எட். பட்டத்தைப் பாடவாரியாக மதிப்பிட்ட அறிக்கையை முதல் மாநிலம் ஏற்றிருந்தாலும், இரண்டாவது மாநிலம் தான் அங்கீகரித்த மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையையே கேட்கக் கூடும். எனவே மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன், செல்லவிருக்கும் மாநிலத்தின் பட்டியலைப் பார்ப்பது இன்றியமையாதது. எச்-1பி விசாவில் பணியாற்றுபவரின் அனுமதி குறிப்பிட்ட பள்ளி மாவட்டத்தோடு பிணைந்தது என்பதால், புதிய மாவட்டம் புதிதாக மனுச் செய்ய வேண்டும். மாநிலச் சட்டம் உரிமம் கேட்கும் பணிக்கு அந்த மனுவிலேயே உரிமத்தைக் காட்ட வேண்டியிருப்பதால், உரிமம் முதலில், மனு பிறகு என்ற வரிசையை மாற்றலாகாது.

தனியார் பள்ளி இடைக்காலத் துணையாகலாம். பல மாநிலங்களில் தனியார் பள்ளி ஆசிரியருக்கு மாநில உரிமம் கட்டாயமில்லை; விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்களை அங்கே கழிக்கலாம். ஆனால் அந்த அனுபவத்தைப் பொது மாவட்டங்கள் ஊதியப் படிநிலையில் எப்போதும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பழைய உரிமத்தைக் காலாவதியாக விடக் கூடாது. மேற்சொன்ன ஏற்பாடுகள் பெரும்பாலும் செல்லுபடியாகும் உரிமத்தையே அடிப்படையாகக் கொண்டவை. சிறு கட்டணத்தில் முடியும் புதுப்பிப்பைத் தவறவிட்டவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம்.

உரிமம் கைக்கு வந்த பின்பும் கணக்குப் பார்க்க வேண்டியவை உண்டு. பணிநிலைப்பு உரிமை மாநில எல்லையைத் தாண்டி வராது; கலிபோர்னியாவில் இரண்டாண்டும் நியூயார்க்கில் நான்காண்டும் நீளும் தகுதிகாண் பருவத்தை மீண்டும் கடக்க வேண்டும். முந்தைய அனுபவத்தில் இத்தனை ஆண்டுகளையே ஊதியத்துக்குக் கணக்கிடுவோம் என்று மாவட்டம் வரம்பு வைக்கலாம், ஆதலால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் படிநிலையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஓய்வூதியம் இன்னும் கவனத்துக்குரியது: மாநில ஓய்வூதியத் திட்டங்கள் பலவற்றில் ஐந்து அல்லது பத்தாண்டு பணி முடித்தால்தான் உரிமை உறுதியாகும், நான்கரை ஆண்டில் விலகுபவர் மாநிலத்தின் பங்களிப்பை இழந்து தாம் கட்டிய தொகையோடு வெளியேற நேரிடலாம். வெளிமாநிலப் பணியாண்டுகளைப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளச் சில திட்டங்கள் இடமளிக்கின்றன. கலிபோர்னியா, டெக்சாஸ், மாசசூசெட்ஸ், இல்லினாய், ஓஹாயோ உள்ளிட்ட மாநிலங்களில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பங்கு செலுத்துவதில்லை. அத்தகைய மாநிலத்துக்கும் பிற மாநிலங்களுக்கும் இடையே மாறியவர்களின் சமூகப் பாதுகாப்புத் தொகையைக் குறைத்துவந்த இரு விதிகள் 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நீக்கப்பட்டன. எனவே அதற்கு முன் எழுதப்பட்ட ஓய்வூதிய அறிவுரைகளைக் கொண்டு இடமாற்றத்தின் இலாப நட்டத்தைக் கணக்கிட்டவர்கள், அந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.