பிரான்ஸ் மலைக்கிராமங்களில் நடக்கப் போகிறீர்களா?

பிரான்சின் நடுவே விரிந்துகிடக்கும் மலைநாட்டில், லு புய் நகரத்திலிருந்து கோங்க் என்ற சிற்றூர் வரை சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது. ஜி.ஆர். 65 என்று பெயர். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ திருத்தலத்துக்குப் போகும் பழைய யாத்திரை வழியின் முதல் பகுதி இது. லு புய் ஆயர் கொதெஸ்கால்க் பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து சந்தியாகோவுக்கு யாத்திரை போனவர். இன்று எல்லா மதத்தவரும் மதமில்லாதவர்களும் நடக்கிறார்கள். பத்து நாள் போதும். கூடாரமோ அடுப்போ சுமக்க வேண்டாம், மாலையானால் ஏதோ ஒரு ஊர் வந்துவிடும். ஆனால் அந்த ஊர்களுக்கென்று ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி சிரமம் குறையும்.

1. மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை போவது நல்லது, இல்லாவிட்டால் செப்டம்பர். பாதையின் நடுவில் வரும் ஓப்ராக் பீடபூமி 1,000 மீட்டருக்கும் மேலே இருப்பதால் ஏப்ரலில்கூடப் பனி விழும். மே கடைசியில் அதே இடத்தில் புல்வெளி முழுக்க வெள்ளை நார்சிஸ் பூக்கள். வாசனை பாதைவரை வரும். ஆனால் மே 1, மே 8, கிறிஸ்து விண்ணேற்ற வியாழன் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வரும் மாதம் அது. அந்த நாட்களில் படுக்கை கிடைப்பது கடினம். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

2. ஒரு நாள் நடையைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சான் பிரிவாவிலிருந்து சோக் வரையிலான நடை வரைபடத்தில் 19 கிலோமீட்டர்தான். ஆனால் அலியே ஆற்றங்கரைக்கு, 600 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டு, மறுபடி 1,000 மீட்டருக்கு ஏறியாக வேண்டும். இரண்டாம் நாளே இது வருவதால், முதல் நாள் வேகத்தைக் காட்டிக் கால்களை அலுக்க வைக்காதீர்கள்.

3. இரவு தங்க ‘ஜீத்’ என்ற எளிய விடுதிகள் இருக்கின்றன. படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை உணவு மூன்றும் சேர்ந்ததற்கு ‘தெமி பான்சியோன்’ என்று பெயர், 50 யூரோவை ஒட்டி ஆகும். தனித்தனியாக வாங்குவதைவிட இது லாபம். சாப்பாடு பெரும்பாலும் இரவு 7 மணியை ஒட்டி, எல்லோருக்கும் ஒரே மேசையில். வீட்டுக்காரரே சமைத்துப் பரிமாறுவதும் உண்டு. மாலை 6 மணிக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் உடனே போன் செய்து சொல்லுங்கள். வராமல் விடுவதாக இருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். சமைத்துவைத்துக் காத்திருப்பவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

4. ரொட்டிக்கடை திறக்கும் நேரம் தெரியாமல் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பாதீர்கள். ‘புலான்ஜெரி’ காலை 7 மணியளவில் திறந்துவிடும். ஆனால் பல ஊர்களில் திங்கட்கிழமை விடுமுறை. மளிகைக் கடைகள் மதியம் 12:30க்கு அடைத்தால் 3 மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. சில சிற்றூர்களில் கடையே கிடையாது. அதனால் முந்தின நாள் மாலையே விடுதிக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு வழியில் ரொட்டி எங்கே கிடைக்கும்? அடுத்த ஊரில் கடை திறந்திருக்குமா? அவர்கள் சொல்வதுதான் சரியான தகவல். பணம் தரும் இயந்திரமும் எல்லா ஊரிலும் இல்லை. கார்டு வாங்காத விடுதிகளும் இருப்பதால், இரண்டு மூன்று நாள் செலவுக்குக் கையில் யூரோ நோட்டு இருக்கட்டும்.

5. கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. எதிரே வருபவருக்கும் அதே. அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

6. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் துண்டுகளும் வேண்டாம்’ என்று பிரித்தே சொல்லுங்கள். பருப்பு சாலட்டில்கூடப் பன்றித் துண்டுகளைப் போடும் ஊர் அது. ஓப்ராக்கில் ‘அலிகோ’ கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பூண்டு, புதுப் பாலாடைக்கட்டி சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் நூலாக இழுபடும்வரை கிண்டுவார்கள். பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த சாறு சேர்ப்பது வழக்கம் என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

7. சில ஜீத்களில் நாமே சமைத்துக்கொள்ளச் சமையலறை உண்டு. லு புய் ஊரின் பச்சைப் பருப்பு பேர்போனது. 1996 முதல் அந்த மண்ணின் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஊற வைக்க வேண்டாம், 25 நிமிடத்தில் வெந்துவிடும், குழையாது. பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளில் ஒரு சிறிய ஊறுகாய் பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டால், இந்தப் பருப்பும் ரொட்டியும் அருமையான ராச்சாப்பாடு. மிஞ்சியதை டப்பாவில் அடைத்தால் மறுநாள் மதியத்துக்கு ஆயிற்று.

8. வழிக்குறி வெள்ளைக் கோடு, அதன் கீழே சிவப்புக் கோடு. மரத்தில், பாறையில், மின்கம்பத்தில், வீட்டுச் சுவரில் என்று பார்த்துக்கொண்டே போங்கள். அதே இரண்டு நிறத்தில் பெருக்கல் குறி இருந்தால் அது தப்பான வழி. கால் மணி நேரம் நடந்தும் குறி ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால், கடைசியாகப் பார்த்த குறிவரை திரும்பிப் போங்கள். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முதல் நாள் இரவே போனில் இறக்கிவையுங்கள்.

9. ஊற்றுக் குழாயில் ‘ஓ நொன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. ‘நொன்’ இல்லாமல் ‘ஓ போத்தாப்ல்’ என்று மட்டும் இருந்தால் குடிக்கலாம். பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் குழாய் இருக்கும். நடப்பவர்கள் அங்கே பாட்டில் நிரப்புவது சாதாரண வழக்கம்.

10. ஓப்ராக் புல்வெளியில் பாதை மாட்டு மந்தைகளுக்கு நடுவே போகிறது. கோதுமை நிறம், நீண்ட கொம்பு, மை தீட்டினாற்போல் கருவளையமிட்ட கண்கள் என்று அழகான மாடுகள். ஆனால் கன்றோடு இருக்கும் பசுவுக்கு அருகே போகாதீர்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நுழையவே கூடாது. வழியை மறித்துக் கம்பி இருந்தால் அது மின்வேலி. ஓரத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். அதை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, கம்பி தரையில் படாமல் தாண்டி, மறுபடி மாட்டிவிடுங்கள். நீங்கள் திறந்த கதவு எதுவானாலும் மூடிவிட்டே நகருங்கள். நாம் மறந்தால் இரவெல்லாம் மாடு தேடி அலையப்போவது அந்த விவசாயி.

11. புது ஷூவோடு கிளம்பாதீர்கள். அரை அளவு பெரிதாக வாங்கி, ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். தினமும் காலையில் விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவுங்கள். சுருக்கென்று உறுத்தல் தொடங்கியதுமே நின்று பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் கொப்புளம் வராது. மழையில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றித் திணித்தால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

12. முதுகுப்பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பருத்தி ஜீன்ஸ் காயவே காயாது, விட்டுவிடுங்கள். காயாத சாக்ஸைப் பையின் பின்புறம் ஊக்கால் குத்திக்கொண்டு நடந்தால் வெயிலிலேயே உலர்ந்துவிடும். உறை போல் தைத்த மெல்லிய படுக்கை விரிப்பு ஒன்று அவசியம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து சில விடுதிகளில் பையை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள். அதைக் கேட்டு மனம் கோணாதீர்கள்.

13. புல்லில் நடந்த அன்று மாலை குளிக்கும்போது முழங்கால் பின்புறம், அக்குள், தலைமுடிக்குள் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சிறு கொக்கி விற்கிறார்கள். நசுக்காமல், எண்ணெய் ஊற்றாமல் திருகி எடுக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தில் சிவப்பு வளையம் படர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

14. பீடபூமியில் மரம் குறைவு. கோடையில் பிற்பகல் இடிமழை வரும் என்பதால் காலை 7:30க்கே கிளம்பிவிடுங்கள். மூடுபனியில் பத்தடி தெரியாது. ஓப்ராக் கிராமத்து மடத்தில் முற்காலத்தில் வழி தவறியவர்களுக்காக மணி அடித்துக்கொண்டே இருப்பார்களாம். அப்படிப்பட்ட நாளில் தனியாகப் போகாமல் விடுதியில் யாரோடாவது சேர்ந்து கிளம்புங்கள். அவசரத்துக்கு 112.

15. செப்டம்பரிலிருந்து வேட்டைக் காலம். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் ஏதாவது அணிந்துகொள்ளுங்கள்.

16. கோங்குக்கு இறங்கும் கடைசி வழி செங்குத்து, கல் புரளும். கைத்தடி இரண்டு இருந்தால் அங்கேதான் உதவும். மதியத்துக்குள் இறங்கிவிட்டால், பிற்பகல் வெயில் தேவாலயத்தின் மேற்கு வாசலில் விழும்போது இறுதித் தீர்ப்புச் சிற்பங்களை நின்று பார்க்கலாம். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரோதேஸ் நகரத்துக்குப் போய் ரயில் பிடிக்கலாம். வண்டி வசதி குறைவு என்பதால், திரும்பும் ஏற்பாட்டை லு புய்யில் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.