அப்பாவோட அம்பாசிடருக்கு எந்த பிளக்?

தங்கச்சி, ஜி.பி. ரோட்டுக்குப் போய் "அம்பாசிடருக்கு நாலு பிளக் குடுங்க"ன்னு மட்டும் கேட்டுட்டு நிக்காதே. "எந்த இன்ஜின்மா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. கேக்காத கடைன்னா வாங்காமலே வந்துடு. அம்பாசிடர்ல டீசல் வண்டி நிறைய உண்டு, அதுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. தொண்ணூறுகள்ல 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின் போட்டும் வந்துச்சு. நம்ம அப்பா வண்டி பழைய 1489 சிசி பெட்ரோல், பிஎம்சி கம்பெனியோட பி-சீரிஸ். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார்லயும் முதல்ல இந்த 1489 சிசிதான் இருந்துச்சு. பெருமைப்பட்டுக்கோ, அந்த வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதே.

முதல்ல அளவு. மரை 14 மில்லிமீட்டர், மரைப் பகுதியோட நீளம் 19 மில்லிமீட்டர். இதே 14 மரையில 12.7 நீளத்துலயும் பிளக் வருது. அதுவும் ஒழுங்கா மாட்டும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், அதுதான் வம்பு. பொறி உள்ளுக்குப் போய் விழாம ஓட்டைக்குள்ளேயே அடிக்கும். மிச்ச மரையில கரி படிஞ்சு இறுகிடும், அப்புறம் சரியான பிளக்கைப் போடப் போனா உள்ளே இறங்காது. நீளம் குறைவான பிளக் போடவேண்டிய இன்ஜின் ஏதாவதுக்கு நீளமானதை மாட்டினா இன்னும் மோசம், பிஸ்டன்லயே இடிக்கலாம். அதனால கழட்டின பிளக்கைக் காட்டி "இதே மாதிரி"ன்னு கேக்கறது பாதி வழிதான். போன தடவை மாட்டினவர் சரியானதைத்தான் மாட்டினாரான்னு யாருக்குத் தெரியும்? ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துடு.

அடுத்தது சூட்டு நம்பர். எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான், பொறுமையாப் படி. பிளக்கோட மூக்கு 450 டிகிரிக்கு மேல சூடாகி இருந்தாத்தான் படியற கரி தானா எரிஞ்சு போகும். 850-ஐத் தாண்டிட்டா பொறி விழறதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கற பிளக்தான் நமக்கு வேணும். என்ஜிகேன்னா பிபி6இஎஸ். மைக்கோ (2008-லயே பேரை போஷ்னு மாத்திட்டாங்க, கடையில இன்னும் மைக்கோதான்) வாங்கினா டபிள்யூ7டிசி. சாம்பியன்னா என்9ஒய்சி. ஆறு, ஏழு, ஒன்பது, மூணும் கிட்டத்தட்ட ஒரே சூடு. என்ஜிகேல நம்பர் கூடக் கூட பிளக் குளிர்ச்சி, போஷ்லயும் சாம்பியன்லயும் நம்பர் கூடக் கூட சூடு. "ஆறு இல்லம்மா, ஏழு போட்டுக்கலாம், ஒண்ணுதானே வித்தியாசம்"னு ஒருத்தர் சொன்னா, எந்தக் கம்பெனி ஏழுன்னு கேளு. என்ஜிகே ஏழு நம்ம வண்டிக்குக் குளிர்ச்சி ஜாஸ்தி. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போற வண்டியில அது சீக்கிரமே கருகும்.

நடுவுல ஆர் எழுத்து இருந்தா (பிபிஆர்6இஎஸ், டபிள்யூஆர்7டிசி) உள்ளே ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம், ரேடியோவுல கரகரப்பு குறையும். போட்டுக்கலாம், தப்பில்லை. இரிடியம் வேண்டவே வேண்டாம். பழைய பாயின்ட் செட் வண்டியில அந்தக் காசுக்குப் பெரிசா எந்தப் பலனும் தெரியாது. அந்தக் காசுல நாலு பிளக் ஒயரையும் மாத்திடு.

வாங்கினதை அப்படியே மாட்டிடாதே. இந்த இன்ஜினுக்கு இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர். பெட்டியிலேர்ந்து வர்றது பெரும்பாலும் இதைவிட அகலமாத்தான் இருக்கும். பழைய காயில் குடுக்கற கரன்ட்டுக்கு அவ்வளவு தூரம் தாண்ட முடியாது, மேட்டுல ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும். ஃபீலர் கேஜ் லேசா உரசிட்டுப் போகணும். வளைக்கறதா இருந்தா வெளிக் கம்பியை மட்டும் வளை, நடுக் கம்பியைத் தொடாதே, சுத்தியிருக்கற பீங்கான் விரிசல் விட்டுடும். தலையில இருக்கற குட்டி நட்டையும் கட்டிங் பிளேயரால ஒரு தடவை இறுக்கிடு. அது லூசா இருந்தா வர்ற மிஸ்ஸிங்குக்குப் பாவம், கார்புரேட்டரைப் பிரிச்சுடுவாங்க.

இன்ஜின் ஆறினப்புறம் கழட்டு. முன்னாடியே ஓட்டையைச் சுத்தி இருக்கற மண்ணை ஊதித் தள்ளிடு. ஒரு நேரத்துல ஒரே ஒரு ஒயர்தான், நாலையும் ஒண்ணா உருவிட்டா 1-3-4-2 வரிசை குழம்பும். புதுசைக் கையாலயே கடைசி வரைக்கும் திருகு, அப்புறம் ஸ்பேனர்ல அரைச் சுத்து, மிஞ்சிப் போனா முக்கால் சுத்துக்குள்ள நிறுத்திடு.

கழட்டின பழசுல சிலிண்டர் நம்பரை எழுதி வை. மூக்கு பிஸ்கட் கலர்ல இருந்தா வண்டி நல்லா இருக்கு. காஞ்ச கரி ஒட்டியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, இல்லேன்னா சோக் முழுசா ஆஃப் ஆகலை. வெள்ளையா வெந்து போயிருந்தா டைமிங்கையும் கார்புரேட்டரையும் பாக்கச் சொல்லு. ஒண்ணு மட்டும் ஆயில்ல நனைஞ்சு பளபளன்னு வந்துச்சுன்னா அந்த சிலிண்டர்ல ரிங்கோ வால்வ் கைடோ தேஞ்சிருக்கு. அதுக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் (என்ஜிகேல அஞ்சு, போஷ்ல எட்டு) போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அந்த நனைஞ்ச பிளக்கைத் துடைக்காம அப்படியே பேப்பர்ல சுத்தி மெக்கானிக் கையில குடுத்துடு.