மிச்சம் பிடித்த வரியும் காத்திருக்கும் மணமகளும்

என் ராத்தாவின் மகன் இலண்டனில் சிறிய பலசரக்குக் கடையொன்றை நடத்துகிறார். பிரித்தானியப் பிரஜை. கடந்த வருடம் கண்டியில் அவருக்கு நிகாஹ் நடந்தது. மனைவியை அங்கு அழைப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

"மாமா, கடையில் நல்ல வருமானம் இருக்கிறது. கடதாசியில்தான் இல்லை" என்றார்.

விடயம் இதுதான். பிரித்தானியாவில் வாழ்பவர் தனது கணவரையோ மனைவியையோ அழைப்பதானால் போதிய வருட வருமானம் காட்ட வேண்டும். 2012 இல் 18,600 பவுணாக இருந்த இத்தொகை, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. சொந்தத் தொழில் செய்பவருக்கு, வரித் திணைக்களத்துக்குக் கொடுத்த வருமான வரி விபரத்திரட்டே முக்கிய சாட்சி. கடையின் மொத்த விற்பனை எடுபடாது. செலவு கழித்து வரும், வரிக்குரிய இலாபத்தையே பார்ப்பார்கள். கடைசியாக முடிந்த முழு நிதியாண்டின் இலாபம், அல்லது கடைசி இரு ஆண்டுகளின் சராசரி கணக்கில் எடுக்கப்படும்.

அங்கு வருடத்துக்கு 12,570 பவுண் வரை வருமான வரியில்லை. மருமகன் தன் இலாபத்தை அந்த எல்லையை ஒட்டியே காட்டி வந்திருக்கிறார். 29,000 பவுண் காட்டியிருந்தால், 20 வீத வரியும் 6 வீத தேசிய காப்புறுதியும் சேர்த்து ஏறத்தாழ 4,270 பவுண் கட்டியிருப்பார். அந்த மிச்சத்தின் விலையாக இன்று மனைவியைப் பிரிந்திருக்கிறார்.

"சேமிப்பைக் காட்டினால் என்ன?" என்று கேட்டேன். சொந்தத் தொழில் இலாபத்தோடு சேமிப்பைச் சேர்த்துக் காட்ட முடியாதாம். சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் ஆறு மாதங்களாவது கையிருப்பில் இருந்திருக்க வேண்டும்.

விசாவுக்காக இல்லாத இலாபத்தை எழுதுவது மோசடி. மறைத்த வருமானத்தை அறிவித்து, வரியையும் தண்டத்தையும் கட்டுவதே நேர்வழி. அதையும் தகுதியான சட்டத்தரணியிடமும் கணக்காளரிடமும் கேட்டே செய்ய வேண்டும்.

மகளுக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை பார்க்கும் வியாபாரிகளே, கடை எவ்வளவு பெரியது என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். வரி விபரத்திரட்டில் இலாபம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பிள்ளைகள் அங்கே கடை வைத்திருந்தால் இன்றே சொல்லி வையுங்கள்.

மருமகன் இப்போது கணக்கை உள்ளபடி எழுதுகிறார். அங்கு வரி ஆண்டு முடிவது ஏப்ரல் 5 இல். அதுவரை ராத்தாவின் மருமகள் கண்டியில் காத்திருக்கிறார்.